எட்டுப் பேருக்கு ஒருத்தி

நியூஜெர்சியில் 2022 வசந்த காலத்தில் எந்த நர்சிங் ஹோமைக் கடந்து போனாலும் வேலியில் ஒரு பேனர் தொங்கும். சி.என்.ஏ. தேவை, உடனே சேரலாம், சேர்ந்தால் போனஸ். எடிசனில் எங்கள் வீட்டிலிருந்து ஓக் ட்ரீ ரோட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போய்த் திரும்புவதற்குள் ஒன்றிரண்டு பேனராவது கண்ணில் பட்டுவிடும். "உனக்கென்ன கவலை? சர்டிஃபிகேட் கைக்கு வந்தா மறுநாளே வேலை" என்று நாத்தனார் சொல்லிக்கொண்டே இருந்தார். சர்டிஃபிகேட் வந்தது. வேலைதான் வரவில்லை.

சி.என்.ஏ. என்றால் சர்டிஃபைட் நர்சிங் அசிஸ்டென்ட். மருந்து கொடுக்கக் கூடாது, ஊசி போடக் கூடாது. குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, ஊட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது, படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது, நாடி பார்த்து எழுதுவது, எவ்வளவு சாப்பிட்டார் எத்தனை தடவை வெளிக்குப் போனார் என்று குறித்து வைப்பது, இதெல்லாம் நம் வேலை. நர்ஸ் வந்து ஐந்து நிமிஷம் நிற்கிற அறையில் மீதி நேரமெல்லாம் நிற்பவள் சி.என்.ஏ.

நான் கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தவள். என் நாத்தனார் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய கையோடு 2005-ல் தம்பிக்காக ஒரு மனு போட்டார். உடன்பிறந்தவர்களுக்கான வரிசை இந்தியர்களுக்கு ஆமை வேகத்தில்தான் நகரும். மும்பைத் துணைத் தூதரகத்தில் எங்களைக் கூப்பிட்டு முத்திரை குத்தும்போது 2021 முடியப் போகிறது. மனு போட்டபோது எல்.கே.ஜி.கூடப் போகாத மகன் கல்லூரியில் இருந்தான். என் கணவர் கூட்டுறவு வங்கியில் கேஷியராக இருந்தவர், எடிசனில் இந்திய மளிகைக் கடையில் கேஷ் கவுண்டர். "அங்கயும் பணம் எண்ணினேன், இங்கயும் எண்ணறேன்" என்று சிரித்தபடி சொல்வார். எனக்குத்தான் அப்படிச் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. எம்.ஏ. தமிழும் பி.எட்.டும் வைத்துக்கொண்டு மத்திய நியூஜெர்சியில் யாருக்கு நன்னூல் நடத்துவது?

நாத்தனாரின் பக்கத்து வீட்டுப் பெண்தான் இந்தப் படிப்பைச் சொன்னது. நியூஜெர்சியில் 90 மணி நேரம்: வகுப்பில் 50, நர்சிங் ஹோமில் நேரடிப் பயிற்சி 40. அதன் பிறகு எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, கைரேகை. மாநிலத்தின் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் முடிந்தது. நாடு முழுக்கக் குறைந்தபட்சம் 75 மணி நேரம் என்று வைத்தது 1987-ல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம். அதற்கு முன்னால் வயதானவர்களைக் கட்டிலோடு கட்டிப் போடுவதும், மருந்து கொடுத்து மயக்கத்திலேயே வைப்பதும் சர்வசாதாரணமாக நடந்ததாம். அந்தச் சட்டம் வந்த பிறகு, ஒரு ரெசிடென்ட்டைத் தொடுவதற்கு முன்பே தொற்றுத் தடுப்பு, பாதுகாப்பு, அவருடைய உரிமைகள் என்று 16 மணி நேரம் படித்திருக்க வேண்டும். இங்கே நோயாளி என்று சொல்வதில்லை. அவர்கள் குடியிருக்கும் வீடு அது, நாம்தான் வேலைக்கு வந்து போகிறவர்கள்.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் ஓய்வு பெற்ற ஒரு ஃபிலிப்பைன்ஸ் நர்ஸ். குள்ளமான உருவம், மைக் தேவைப்படாத குரல். பல்செட் கழுவுவதற்கு அந்த அம்மா ஒரு முழுப் பிற்பகல் எடுத்துக்கொண்டார். முதலில் வாஷ்பேசினுக்குள் பேப்பர் டவலை விரித்துவிட வேண்டும், கை தவறி விழுந்தாலும் பல் உடையாது. தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் போகக் கூடாது, சூடு பட்டால் வளைந்துவிடும். கழுவிய பின் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, பெயர் எழுதி வைக்க வேண்டும். "ஒரு பல்செட் காணாமல் போனால் அந்த மனிதருக்குச் சாப்பாடும் போச்சு, சிரிப்பும் போச்சு. புதுசு வர மாசக் கணக்காகும்" என்றார். தேர்வில் கை கழுவுவது எல்லாருக்கும் உண்டு, மற்றது அவரவர் சீட்டில் வருவது. கதவைத் தட்டினாயா, உன் பெயரைச் சொன்னாயா, திரையை இழுத்தாயா, கட்டில் சக்கரத்தைப் பூட்டினாயா, வெளியே வரும்போது கூப்பிடும் பட்டனை அவர் கைக்கு எட்டும்படி வைத்தாயா என்று ஒவ்வொன்றுக்கும் டிக் போடுவார்கள். ஆசிரியையாக இருந்து பிள்ளைகளுக்கு மார்க் போட்ட கைக்கு, நாற்பத்தெட்டு வயதில் ஒருத்தர் எதிரே நின்று டிக் போடுவதைப் பார்க்கும்போது நடுக்கம் வரத்தான் செய்தது. தேறிவிட்டேன்.

விண்ணப்பங்கள் எல்லாம் ஆன்லைனில். பெயர், முகவரி, சான்றிதழ் எண் எல்லாம் போட்டுக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் ஒரு கேள்வி நிற்கும்: சி.என்.ஏ.வாகக் குறைந்தது ஒரு வருட அனுபவம் உண்டா? இல்லை என்று அழுத்தினால் சில இடங்களில் அந்த நிமிஷமே நன்றி சொல்லி அனுப்பிவிடும். இன்னும் சில இடங்களில் மின்னஞ்சல் வரும், அதே நன்றிதான். மனிதர் யாரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பதினொன்று முப்பத்தொன்றுக்குப் பதில் வந்தால் வேறென்ன நினைப்பது?

பேனர் கட்டி ஆள் தேடுகிறவர்கள் ஏன் ஆளை விரட்டுகிறார்கள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடிபட்டது. புதிதாக வருகிறவளுக்கு ஒரு பழைய ஆளைத் துணைக்கு விட்டுப் பழக்க வேண்டும். பழைய ஆளுக்கே நேரமில்லாததால்தான் பேனர். ஆகவே வந்த அன்றே தனியாக ஒரு வரிசை அறைகளைத் தூக்கிக்கொள்ளக் கூடியவள்தான் அவர்களுக்கு வேண்டும். மருத்துவமனைகளில் இதே வேலைக்கு பி.சி.டி. என்று பெயர். அங்கே ரத்தம் எடுக்கவும் ஈ.கே.ஜி. ஒட்டவும் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு இன்னொரு படிப்பு, இன்னொரு கட்டணம். தற்காலிகமாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள் மணிக்கு இரண்டு மூன்று டாலர் கூடத் தருவார்கள். அவர்களும் கேட்பது அனுபவம்தான், ஏனென்றால் ஏஜென்சி ஆளுக்கு யாரும் எதையும் காட்டித் தர மாட்டார்கள். இதற்கு நடுவில் ஒரு கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. சான்றிதழ் வாங்கியவள் தொடர்ந்து 24 மாதம் சம்பளத்துக்கு இந்த வேலையைச் செய்யாமல் இருந்தால் மறுபடியும் தேர்வு எழுத வேண்டும், இல்லையென்றால் முதலிலிருந்து படிக்கவே வேண்டும்.

அனுபவம் என்ற கட்டத்துக்கு நேராகக் கர்சர் துடித்துக்கொண்டிருக்கும்போதெல்லாம் என் மாமியார் ஞாபகம் வந்தது. பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துபோன பின் அவரைப் பார்த்துக்கொண்டது நான்தான். காலையில் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் துடைத்து, உடை மாற்றி, கஞ்சி ஊட்டி, சாய்ந்தரம் வந்ததும் மறுபடி. எல்லாம் சேர்த்தால் வருஷக் கணக்காகும். "அதைப் போடக் கூடாதா அண்ணி?" என்று நாத்தனாரிடம் கேட்டேன். "அது குடும்பம், வேலை இல்ல. ரெஃபரன்ஸுக்கு யார் போன் நம்பர் கொடுப்பே?" என்றார். அது அவருடைய அம்மா. சொல்லிவிட்டு அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இதற்கிடையில் டி.பி. டெஸ்ட். எந்த நர்சிங் ஹோமில் சேருவதானாலும் காசநோய் இல்லை என்று காட்டியாக வேண்டும். முன்கையில் தோலுக்கடியில் ஒரு சொட்டு மருந்தை ஏற்றி, 48 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் திரும்பி வரச் சொல்லி, தடித்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்கள். எனக்கு இரண்டாம் நாளே பெரிய கொழுக்கட்டை அளவுக்கு வீங்கிச் சிவந்துவிட்டது. அளந்த பெண் ஸ்கேலை வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்ததைப் பார்த்தேன். சட்டைக் கையை மேலே ஏற்றி இடது தோளில் இருந்த பி.சி.ஜி. தழும்பைக் காட்டினேன். நம் தலைமுறையில் அந்த வட்டம் இல்லாத தோள் அபூர்வம். அமெரிக்காவில் அந்தத் தடுப்பூசியைப் பொதுவாகப் போடுவதே இல்லை, அதனால் பலருக்கு அந்தத் தழும்பு என்னவென்றே தெரியாது. பி.சி.ஜி. போட்டவர்களுக்கு நோய் இல்லாமலே தோல் டெஸ்ட் இப்படிக் காட்டலாம், ரத்தப் பரிசோதனைதான் சரி என்று பிறகு வந்த டாக்டர் சொன்னார். ரத்தம் கொடுத்து, நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று தாள் கைக்கு வருவதற்குள் நேரமும் பணமும் போயின. நம்மூரிலிருந்து போய் இந்த வேலைக்கு முயலும் பெண்கள் யாராவது இதைப் படித்தால், எடுத்த எடுப்பிலேயே ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.

கோவிட் ஊசிச் சான்றிதழில் வேறொரு கூத்து. கோவின் தாளை நீட்டினால், அதன் கீழே இருக்கும் பிரதமர் படத்தைப் பார்த்து, "இவர்தான் உங்களுக்கு ஊசி போட்ட டாக்டரா?" என்று ஒரு ஹெச்.ஆர். பெண் கேட்டாள். நான் விளக்கப் போகவில்லை. பூஸ்டர் வேறு போட்டுக்கொண்டு வரச் சொன்னாள்.

நேர்காணலுக்கு முதலில் கூப்பிட்ட இடத்துக்கு என் பெயர்தான் என்னை அழைத்துப் போனது. எடிசன், ஐசலின் பக்கம் சில நர்சிங் ஹோம்களில் இந்தியர்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. சைவச் சாப்பாடு, டி.வி.யில் இந்தி சீரியல், மாலையில் ஆரத்தி. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் குஜராத்திக்காரர்கள். வீட்டில் மகனும் மருமகளும் வேலைக்குப் போக, இங்கே கொண்டு வந்து விடப்பட்ட பாட்டிமார்கள். "உனக்கு ஹிந்தியும் குஜராத்தியும் வரும் இல்லையா?" என்று கேட்டார் அந்த நிர்வாகி. தமிழ் வரும் என்றேன். அதுவும் ஹிந்தி மாதிரிதானே என்றார். இல்லை என்றேன். ஹிந்தி தெரியாது என்பதைச் சபைகளில் பெருமையாகவே சொல்லி வளர்ந்த மாநிலத்துக்காரி நான், அதனால் ஒரு வேலை கைநழுவுவது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஆனாலும் அவர் எழுந்து போய்விடவில்லை. வார இறுதிகளில் வருவாயா, கார் இருக்கிறதா, எப்போது சேருவாய் என்று கேட்டார். பொதுப் பிரிவில் இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை வேலை தருகிறேன் என்றார்.

கையில் வேலை. கதவைத் தட்டுவதிலிருந்து பட்டனை எட்ட வைப்பது வரை தொண்ணூறு மணி நேரம் உருப்போட்டதில் ஒன்றைப் பற்றியும் ஒரு கேள்வி இல்லை. எப்போது வருவாய் என்ற ஒன்றுதான் கேள்வி.

என்னோடு படித்த ஹைட்டிக்காரப் பெண் ஒருத்தி உண்டு. அவளுடைய அம்மா, சித்தி, அக்கா எல்லாரும் நியூவர்க் பக்கத்தில் சி.என்.ஏ.க்கள். இந்தத் தொழிலின் உள்ளும் புறமும் சமையலறைப் பேச்சிலேயே கேட்டு வளர்ந்தவள். அவளுக்குப் போன் போட்டு வேலை கிடைத்துவிட்டது என்றேன். வாழ்த்துச் சொல்வதற்கு முன் அவள் கேட்டது: "ஒருத்திக்கு எத்தனை பேர்?"

கேட்கவில்லை என்றேன். அவள் போனிலேயே பாடம் நடத்தினாள். நியூஜெர்சியில் இப்போது இதற்குச் சட்டமே இருக்கிறது. 2020 ஏப்ரலில் இந்த மாநிலத்தின் வடக்கே ஒரு நர்சிங் ஹோமில், நாலு உடல் வைக்கக் கூடிய சின்னப் பிணவறையில் 17 உடல்கள் அடைந்து கிடந்ததைப் போலீஸ் கண்டுபிடித்தது நாடெங்கும் செய்தியானது. அந்த வருஷமே சட்டம் போட்டார்கள், 2021 பிப்ரவரியிலிருந்து அமல். பகல் ஷிஃப்ட்டில் எட்டு ரெசிடென்ட்டுக்கு ஒரு சி.என்.ஏ., மாலையில் பத்துப் பேருக்கு ஒரு ஊழியர், இரவில் பதினாலு பேருக்கு ஒருவர். "சட்டம் இருக்கிறது என்பது ஒன்று, அன்றைக்கு ராத்திரி யார் வருகிறார்கள் என்பது இன்னொன்று. வரவேற்பறைப் பக்கம் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். இன்றைக்கு எத்தனை ரெசிடென்ட், எந்த ஷிஃப்ட்டில் எத்தனை ஆள் என்று தினமும் எழுதி ஒட்டுவது கட்டாயம். அதைப் படித்து வகுத்துப் பார். அப்புறம் மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களைப் பார்க்கிங்கில் பிடித்துக் கேள். அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள், அவ்வளவு களைப்பாக இருப்பார்கள்" என்றாள்.

திரும்பப் போன் செய்து கேட்டேன். பழக்கிவிட எத்தனை நாள்? இரண்டு இரவு. எத்தனை ரெசிடென்ட்? "அது அன்றன்றைக்கு மாறும்." சராசரியாக? இருபது சொச்சம் என்றார் அந்தப் பக்கம் இருந்தவர், குரலில் ஒரு சின்னச் சலிப்போடு. இவ்வளவு கேட்கிறவள் எதற்கு என்று தோன்றியிருக்கும்.

இருபது பேரை எட்டு மணி நேரத்தில் இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்க வைப்பது என்ன கணக்கு என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். தமிழ் டீச்சர் போட்டாலும் கணக்கு கணக்குதான். ஒருவருக்கு ஆறு நிமிஷம். அதற்குள் டயப்பர் மாற்றி, துடைத்து, க்ரீம் போட்டு, போர்த்தி, கை கழுவி. நடுவில் யாராவது பட்டனை அழுத்தினால், யாராவது கீழே விழுந்தால், எழுந்து வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்தால், அந்த ஆறு நிமிஷமும் இல்லை. இரண்டு இரவு பழகிவிட்டு இதை என்னால் செய்ய முடியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் அன்றைக்குச் சாப்பாடு சத்தமில்லாமல் நடந்தது. இவர், "முதல்ல கிடைச்சதுல சேர்ந்துக்கோ, ஒரு வருஷம் ஓட்டிட்டா அப்புறம் அந்தக் கட்டத்துல டிக் போட்டுக்கலாமே" என்றார். நியாயமான பேச்சுதான். மகனுடைய கல்லூரிக் கட்டணத்துக்கான தவணைத் தாள் ஃப்ரிட்ஜில் காந்தத்தின் கீழ் தொங்கிக்கொண்டிருந்தது. "யாராவது ஒருத்தர் என் கையிலிருந்து கீழ விழுந்தா என்னங்க பண்றது? பதிவேட்டுல பேர் இருக்குன்னா, அதுல தப்பும் ஏறும்" என்றேன். புகார் உறுதியானால் அந்தப் பதிவேட்டிலேயே குறித்துவிடுவார்கள் என்பதும் பிறகு எங்கேயும் வேலை கிடைக்காது என்பதும் வகுப்பில் சொன்னது. அவர் பேச்சை விட்டுவிட்டார். நாத்தனார் மட்டும் சில நாள், "பேனர் இன்னும் தொங்குதும்மா" என்று ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார்.

ஆன்லைனை விட்டுவிட்டு நேரில் போக ஆரம்பித்தேன். அதற்கு இவருடைய விடுமுறை நாள் வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. அப்படியே இருந்தாலும் காலை ஏழு மணி ஷிஃப்ட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது. ஒவ்வொரு இடத்திலும் வரவேற்பில் ரெஸ்யூமைக் கொடுத்துவிட்டு, சுவரில் அந்தத் தாளைத் தேடுவேன். சில இடத்தில் பூந்தொட்டிக்குப் பின்னால் இருக்கும். ஒரு இடத்தில் போன வாரத் தாள் தொங்கியது. வகுத்தல் கணக்கு அத்தனை நன்றாக எனக்கு அதற்கு முன் வந்ததே இல்லை.

ஹைட்டிக்காரி சொன்ன மாதிரி பார்க்கிங்கிலும் நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. மூன்றேகால் மணிக்கு ஸ்க்ரப்ஸோடு வெளியே வருகிற கானா, ஜமைக்கா, ஃபிலிப்பைன்ஸ் பெண்கள், அந்நியளான என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, கார் கதவைத் திறந்தபடியே பதில் சொன்னார்கள். "இங்கே வராதே" என்று ஒரே வார்த்தையில் ஒருத்தி. "எட்டுக்கு எடுப்பார்கள், பத்து கொடுப்பார்கள், ஆனால் தலைமை நர்ஸ் தானும் இறங்கி வேலை செய்வாள்" என்று இன்னொருத்தி. அந்த இரண்டாவது இடத்தில்தான் நான் சேர்ந்தேன்.

அங்கே என்னைப் பார்த்தது உதவி நர்சிங் டைரக்டர். என் ரெஸ்யூமை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மூடினார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு வலது கையை மடியில் செத்த கையாகப் போட்டார். மேசை மேல் கிடந்த தன் கம்பளிச் சட்டையை என்னிடம் நீட்டி, "எனக்குப் பக்கவாதம். குளிருகிறது" என்றார். அவ்வளவுதான்.

ஏற்கெனவே உள்ளே இருந்தாலும் கதவைத் தட்டினேன். பெயரைச் சொன்னேன், சட்டை மாட்டலாமா என்று கேட்டேன். சட்டைக் கைக்குள் வெளியிலிருந்து என் கையை நுழைத்து, அவருடைய விரல்களைப் பிடித்துக்கொண்டு, அந்தச் செத்த கையை முதலில் உள்ளே கொண்டுவந்தேன். தோள் வரை துணியை ஏற்றிவிட்டு, முதுகுப் பக்கம் சுற்றிக் கொண்டுபோய், இயங்குகிற கையை அவராகவே நுழைத்துக்கொள்ள விட்டேன். மாட்டும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது கடைசியில். ஃபிலிப்பைன்ஸ் அம்மா இதைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்த விஷயம் அது. மாமியாரின் நைட்டியோடு மல்லுக்கட்டி, அவர் வலியில் முனகுவதைக் கேட்டுக் கேட்டு, எந்தப் புத்தகமும் இல்லாமல் நானாகக் கண்டுபிடித்தது. சட்டையின் பின்பக்கச் சுருக்கத்தை நீவிவிட்டேன். சாய்ந்து உட்கார்கிறவர்களுக்கு அந்தச் சுருக்கம்தான் முதுகில் அழுத்தும்.

"சுருக்கத்தை நீவுவது தேர்வில் கிடையாதே, யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார். சொன்னேன். ஒரு தாளில் எதையோ எழுதிக்கொண்டார். பழக்க எத்தனை நாள் தருவீர்கள் என்று நான் கேட்டேன், எத்தனை பேருக்கு ஒருத்தி என்றும் கேட்டேன். பழக்கம் மூன்று வாரம், பகல் ஷிஃப்ட்டில் எட்டு, ஆள் வராத நாளில் அதற்கு மேல் போகும், அதை மறைக்க மாட்டேன் என்றார். படிப்புக் கட்டணத்தையும் அவரே எடுத்துச் சொன்னார். சான்றிதழ் பெற்ற 12 மாதத்துக்குள் மெடிக்கேர், மெடிக்கெய்டு என்ற அரசுக் காப்பீட்டுப் பணம் வாங்கும் நர்சிங் ஹோமில் சேர்ந்தால் கட்டிய கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம், வேலையில் இருக்கும் காலத்துக்கு ஏற்பக் கொடுப்பார்கள், ரசீதைத் தொலைத்துவிடாதே என்றார். அதுவரை யாரும் அதை என்னிடம் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்காரர்கள் சொல்லியிருக்கலாம்.

இரண்டு தளம் அந்த இடத்தில். கீழ்த்தளம் ரீஹாப். இடுப்பு எலும்பு முறிந்தவர்கள், முழங்கால் மாற்றியவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வருவார்கள். மெடிக்கேர் அதிகபட்சம் 100 நாள் வரைதான் பணம் கொடுக்கும் என்பதால் தெரபிஸ்ட்டுகள் ஓடிக்கொண்டே இருப்பார்கள், பூங்கொத்தும் பலூனும் வரும், வீட்டுக்கும் போய்விடுவார்கள். மேல்தளத்தில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போகாதவர்கள். சேமிப்பெல்லாம் கரைந்த பின் மெடிக்கெய்டில் இருப்பவர்கள். புது ஆளை மேலேதான் போடுவார்கள். என்னையும் மேலேதான் போட்டார்கள்.

என்னைப் பழக்கியவள் கானாக்காரி, அங்கே நீண்ட காலமாக இருப்பவள். முதல் நாள் காலை அவள் எனக்குக் காட்டியது எந்த ரெசிடென்ட்டையும் இல்லை, துணி அலமாரியை. சலவையிலிருந்து துவாலை போதுமான அளவுக்கு ஒருநாளும் வராது. ஏழு மணிக்கு முன்பே வந்து உன் பங்கை எடுத்துப் பிரித்து அந்தந்த அறையில் வைத்துவிடு, பத்து மணிக்கு வந்து தேடினால் தலையணை உறையில்தான் முகம் துடைக்க வேண்டியிருக்கும் என்றாள். வகுப்பில் கற்றதில் ஒன்றையும் அவள் தப்பென்று சொல்லவில்லை, வரிசையை மட்டும் மாற்றினாள். ஒருவரைக் கழிப்பறையில் உட்கார வைத்துவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவருடைய படுக்கையை விரித்துவிடுவாள். ஹோயர் லிஃப்ட் என்ற இயந்திரம் போட்டு ஆளைத் தூக்குவதற்கு மட்டும், எத்தனை அவசரமானாலும், இன்னொரு ஆள் வராமல் கை வைக்க மாட்டாள். அந்த விஷயத்தில் டைரக்டரே வந்து அவசரப்படுத்தினாலும் நிற்க வேண்டியதுதான் என்றாள்.

பழக்கம் முடிந்து தனியாக அறைகள் கொடுத்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருவர் வரவில்லை என்று விடியற்காலையில் போன் பண்ணிவிட்டார்கள். வாசலில் ஒட்டியிருந்த தாளில் பகல் ஷிஃப்ட்டுக்கு நேரே இன்னும் பழைய எண்ணே இருந்தது. மாடியில் என் பெயருக்கு நேரே பதினோரு ரெசிடென்ட். கானாக்காரிக்கும் பதினொன்று. கேட்டதற்கு ஏஜென்சிக்குச் சொல்லியிருக்கிறோம் என்றார் சூப்பர்வைசர். தாளில் எண்ணை மாற்றி எழுதுங்கள் என்று கானாக்காரி சொன்னாள். அவர் முகத்தைச் சுளித்தபடி கீழே போய் மாற்றிவிட்டு வந்தார்.

எங்கே ஆரம்பிப்பது என்று நான் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "பட்டன் அழுத்தத் தெரியாதவர்கள் யார் யார், அவர்களை முதலில் முடி. அழுத்தத் தெரிந்தவர்கள் அழுத்துவார்கள், கத்துவார்கள், மகளுக்குப் போன் போட்டு உன்னைப் பற்றிப் புகார் சொல்வார்கள். பரவாயில்லை, அவர்களுக்கு வழி இருக்கிறது" என்றாள். அப்படியே செய்தேன். ஜன்னலோரப் படுக்கை அம்மா, பேச்சு போனவர், இரண்டாவது போர்வையையும் உதறிவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தார். அவரை முடித்து, எதிர் அறைத் தாத்தாவை முடித்து, அதற்குப் பிறகு பட்டன் அழுத்தி விளக்கு எரிகிற அறைகளுக்குப் போனேன். ஒரு முன்னாள் பள்ளி ஆசிரியை, என் தொழில்காரி, காபி ஆறிப்போனதற்காக என்னை நன்றாகத் திட்டினார். புதுக் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, திட்டி முடிக்கும் வரை நின்றேன்.

யாரும் விழவில்லை. மதியம் வந்த ஏஜென்சிப் பெண்ணுக்குத் துணி அலமாரியை நான்தான் காட்டினேன். சார்ட்டிங் எழுதி முடிக்கும்போது நாலு மணி தாண்டிவிட்டது. இவர் கீழே காரில் காத்திருந்தார். கிளம்புவதற்கு முன் அந்த ஒரு மணி நேரத்துக்கும் சேர்த்து சூப்பர்வைசரிடம் சம்பளம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அடுத்த காசோலையில் வந்திருந்தது.